மக்கரோனி என்னுடையது, தக்காளி மச்சாளுடையது

வீட்டில் ஓடருக்குச் சமைத்துக் கொடுக்கிறவர்களின் கதி உங்களுக்கும் தெரிந்ததுதான்: ஊருக்கெல்லாம் விருந்து, நமக்குக் கடைசியில் சட்டியில் ஒட்டியது. பிரியாணியையும் கோழிப் பொரியலையும்தான் எல்லாரும் புகழ்வார்கள். ஆனால் கொட்டாஞ்சேனையில் நானும் பிலோ மச்சாளும் பெயர் எடுத்தது மேசையின் ஓரத்தில், மஞ்சள் சோற்றுக்குத் துணையாக வைக்கும் தக்காளி மக்கரோனியால். அதில் சீஸ் கிடையாது, பால் கிடையாது, ஓவனில் வைக்கிற வேலையும் கிடையாது. மக்கரோனியை மெத்தென்று அவித்து, மாஜரினில் வெங்காயமும் கனிந்த தக்காளியும் வதக்கி, கொஞ்சம் சீனி, கொஞ்சம் மிளகுத்தூள் போட்டுக் கிளறி மூடி வைத்தால் முடிந்தது.

பிலோ மச்சாள் என் கணவரின் அக்கா; அவரும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவார். ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் அவர் வீடு, இந்தப் பக்கம் என் வீடு. இரண்டு குசினியிலும் ஒரு ஆள் நின்று திரும்பவே இடம் காணாது. அதனால் மக்கரோனி அவிப்பது நான், தக்காளி வதக்குவது மச்சாள் என்று முதல் நாளே பிரித்துக்கொண்டோம். அவர் வேலையை நான் செய்ததில்லை, என் வேலையில் அவர் கை வைத்ததில்லை. இப்போது மச்சாள் கனடாவில் மகளோடு இருக்கிறார். அவர் போனால் எங்கள் மக்கரோனியும் போய்விடும் என்றுதான் நான் பயந்து கிடந்தேன். அந்தப் பயத்தை நினைத்தால் பழைய கதைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. உங்களைப் போல அடுப்படியில் வெந்தவர்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

முதல் ஓடர்

ஒரு குழந்தையின் ஞானஸ்நான விருந்து. மக்கரோனி அவிக்கிற தண்ணீரில் நான் உப்புப் போட்டிருப்பேன் என்று மச்சாள் நினைத்திருக்கிறார். தக்காளியில் அவர் போடுவார்தானே என்று நான் விட்டுவிட்டேன். பரிமாறத் தொடங்கிய பிறகு மச்சாள் ஒரு கரண்டி வாயில் வைத்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நானும் ஒரு வாய் வைத்தேன்: உப்பே இல்லை. அதற்குள் பாதிப் பேர் சாப்பாட்டுக் கோப்பையோடு உட்கார்ந்துவிட்டார்கள். இனி உப்பைத் தூவினால் ஊரே சிரிக்கும் என்று இரண்டு பேரும் மேசைக்குப் பின்னால் சிலை மாதிரி நின்றோம்.

எல்லாரும் மரியாதைக்கு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தைக் கோழி எலும்புக்குக் கீழே ஒளித்தார்கள். குழந்தையின் தாத்தா மட்டும் திரும்பத் திரும்ப வந்து மக்கரோனியையே வாங்கிக்கொண்டு போனார். கடைசியாக வந்தபோது குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி என்னிடம் கேட்டார்:

"பிரஷர் எண்டு வீட்டில எனக்குத் தாற சாப்பாட்டை விட இது எவ்வளவோ மேல், தங்கச்சி. உங்களுக்கும் பிரஷரோ?"

வெடித்த தக்காளி

தக்காளி வாங்கப் போனால் மச்சாள் தளதளவென்று இருப்பதைத் தொடவே மாட்டார். கன்னிப்போனது, வெடித்தது, தொட்டால் சாறு வடிவது, இதெல்லாம்தான் அவருக்கு வேண்டும். அதில்தான் புளிப்பு குறைவு என்பார். சந்தையில் எங்கள் வழக்கமான கடை முதலாளி அந்த மாதிரித் தக்காளியை ஒரு பெட்டியில் ஒதுக்கி வைத்து மலிவாகக் கொடுப்பார். பெட்டியைத் தூக்கித் தரும்போதெல்லாம் சிங்களத்தில், "எல்லாரும் சுகம்தானே அம்மா, நன்றாகச் சாப்பிடுகிறார்களா?" என்று விசாரிப்பார். நல்ல மனிதர், எங்கள் வீட்டு ஆட்களைக் கேட்கிறார் என்று நினைத்து, மச்சாளும் நன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தார். அவர் கேட்டது நாங்கள் வளர்ப்பதாக அவரே நினைத்துக்கொண்ட பன்றிகளைப் பற்றி.

அது தெரிய வந்தது, முதலாளிக்குப் பக்கத்துக் கடைக்காரரின் மகளுடைய பிறந்தநாளில். சமையல் எங்களுடையது, முதலாளி விருந்தாளி. இரண்டாம் தரம் மக்கரோனி போட்டுக்கொண்டு வந்து, இவ்வளவு ருசிக்கு எங்கே தக்காளி வாங்குகிறீர்கள் என்று கேட்டார். உங்கள் பெட்டித் தக்காளிதான் என்றார் மச்சாள். அப்படியானால் பன்றிகளுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று அவர் கேட்க, எந்தப் பன்றி என்று நாங்கள் கேட்க, மனிதர் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். பிறகு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டு சிங்களத்தில் சொன்னார்:

"அப்படியென்றால் நானும் பன்றிதான் அம்மா."

பல்லுக்கு வேலை

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு ஃபிளாட் வீட்டில் விருந்து. வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்திருந்த அந்த வீட்டு மருமகள் மூடியைத் திறந்து பார்த்தாள். பாஸ்டா இப்படிக் குழையக் கூடாது, கடித்தால் நடுவில் கொஞ்சம் விறைப்பாக நிற்க வேண்டும், அங்கே எல்லாரும் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள் என்று விளக்கினாள். பிள்ளை மரியாதையாகத்தான் சொன்னாள். அவித்தது நான் என்பதால் எனக்குத்தான் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மச்சாள் முந்திக்கொண்டார்:

"பல்லுக்கு வேலை குடுக்கத்தானே பிள்ளை கோழிப் பொரியல் வச்சிருக்கிறம். இது நாக்குக்கு."

விசா வந்த நாள்

அன்றும் ஓடர் இருந்தது. மக்கரோனி கொதித்துக்கொண்டிருக்கிறது, மச்சாள் கையில் போனோடு ஒழுங்கையைக் கடந்து வந்து என் குசினி வாசலில் நின்றார். விசா சரிவந்துவிட்டது என்று மகள் செய்தி அனுப்பியிருந்தாள். மச்சாளின் கணவர் தவறிய நாளிலிருந்து அந்தப் பிள்ளை தாயைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. பேரப்பிள்ளைகளை மச்சாள் போனில்தான் பார்த்திருக்கிறார். சந்தோஷப்பட வேண்டிய செய்தி என்று எனக்குத் தெரியும். நல்லது மச்சாள் என்று சொன்னேன், எப்போது பயணம் என்று கேட்டேன், குளிர் உடுப்பைப் பற்றிக்கூட ஏதோ கதைத்தேன். அடுப்பை மட்டும் மறந்துபோனேன்.

திரும்பிப் பார்த்தபோது பானையில் மக்கரோனி இல்லை, களிதான் இருந்தது. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. மச்சாள் அகப்பையை எடுத்து ஒரு தரம் கிளறிப் பார்த்தார். பிறகு அடுப்பை நிறுத்திவிட்டு என் தோளில் கையை வைத்தார்:

"நான் போறது உங்களுக்கு விருப்பமில்லை எண்டு வாயால சொல்லியிருக்கலாமே மச்சாள். பாவம், மக்கரோனி என்ன செய்தது?"

தனி அடுப்பு

போகும்வரை தக்காளிப் பக்குவத்தை நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் போய்வாருங்கள் என்று நானே வழியனுப்பின மாதிரி ஆகிவிடும். அவரும் தானாகச் சொல்லவில்லை. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அவர் போன பிறகு வந்த முதல் ஓடர், அடுத்த ஒழுங்கை ஷாமினியின் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மை விருந்து. ஷாமினியின் கல்யாணத்துக்கும் நாங்கள்தான் சமைத்தோம். மக்கரோனி வேண்டாம், உருளைக்கிழங்கு சாலட் செய்து தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். மகள் கேட்டதே மக்கரோனியைத்தான் என்றாள். மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை, கனடாவுக்குப் போன் எடுத்துக் கேட்கவும் மனம் வரவில்லை.

வெங்காயத்தை மாஜரினில் போட்டுவிட்டு முழித்துக்கொண்டு நின்றபோதுதான் ஒன்று புரிந்தது. இவ்வளவு காலமும் எப்போது மக்கரோனியைத் தண்ணீரில் போடுவது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. மச்சாள் வீட்டிலிருந்து வருகிற மணம்தான் சொல்லும். முதலில் மாஜரின் மணம், பிறகு மூக்கில் ஏறுகிற தக்காளிப் புளிப்பு, அது அடங்கி ஒரு இனிப்பு வாசம் வந்தவுடன் நான் போட்டுவிடுவேன். ஆனால் என் குசினிக்குள்ளேயே நின்றால் எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒன்றும் பிடிபடவில்லை. அதனால் ஒழுங்கையைக் கடந்து போய், பூட்டிக் கிடந்த மச்சாள் வீட்டு வாசலில் நின்று என் வீட்டு அடுப்பை மோந்து பார்த்தேன். புளிப்பு நிற்கிறது என்று ஓடி வந்து சீனி போட்டேன், திரும்பவும் ஓடிப்போய் நின்றேன். அக்கம்பக்கத்தில் பார்த்தவர்கள் எனக்கு என்னவோ பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். அந்தப் பூட்டைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். ஆனால் அங்கே நின்றால்தான் அந்த இனிப்பு வாசம் வந்தது தெரிந்தது.

விருந்தில் ஷாமினி ஒரு வாய் சாப்பிட்டாள். பிறகு என் தோளுக்கு மேலால் எட்டி, எனக்குப் பின்னால் யாரையோ தேடினாள்:

"பிலோ அன்ரி போயிட்டா எண்டெல்லோ சொன்னாங்க. இன்னும் போகேல்லையா அன்ரி?"

சமையல்காரி கண்ணைத் துடைத்தால் வெங்காயம் என்றே எல்லாரும் நினைப்பார்கள் என்பதுதான், இவ்வளவு காலத்தில் இந்தத் தொழில் எனக்குக் கொடுத்த ஒரே சலுகை.