நெற்றிக்கு எட்டாத கை

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் வசிக்கும் முதியவன் நான். உறைபனி படிந்த நடைபாதையில் வழுக்கி விழுந்து வலது முழங்கை எலும்பு நொறுங்கியது. சத்திரசிகிச்சையில் தகடு வைத்துப் பொருத்திய மருத்துவர், சில நாள்களிலேயே கையை மடக்கி நீட்டிப் பழகச் சொன்னார். பயிற்சி பெரிதும் வலித்தது. காலைதோறும் ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு இடும்போது விரல்கள் நெற்றியைத் தொட்டன. அதுவே போதுமென்று பயிற்சியைக் கைவிட்டேன்.

"இஞ்சாருங்கோ, கை மேல வரேல்லை. தலைதான் கீழ போகுது," என்றாள் மனைவி.

"கும்பிடேக்க குனியாமல், நிமிர்ந்துகொண்டோ நிக்கிறது?" என்று அவளை அடக்கினேன்.

சில வாரங்களின் பின், கைப்பயிற்சியைக் கவனிக்கும் இயன்மருத்துவரான டேனிஷ் பெண்மணி என் தலையைச் சுவரோடு சாய்த்து நிறுத்திவிட்டுக் கையை மடக்கி நெற்றியைத் தொடச் சொன்னார். அது மோவாய்க்குக் கீழேயே நின்றுவிட்டது. மூட்டு இறுகிவிட்டதென்றும், முழுதாக மடங்குமென்று உறுதி சொல்ல இயலாதென்றும் கூறினார். பணிவென்று நான் எண்ணியதே என் கையின் குறையை எனக்கு மறைத்திருந்தது.

இப்போது பயிற்சியைத் தவறவிடுவதில்லை. திருநீறு இடும்போதும் தலையைச் சுவரோடு சாய்த்தே நிற்கிறேன். கை உதடுவரைதான் வருகிறது. பிறகு மனைவி வந்து பூசிவிடுகிறாள்.