அங்கோரா முயல்களும் என் மூத்தாரும்

எங்கள் ஊர்ப் பக்கம் பகையாளியிடமும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவோம். அதனால் என் மூத்தாருக்கும், அதாவது கணவரின் அண்ணனுக்கும், எனக்கும் நடுவில் இருப்பது பகை என்று வெளியாட்களுக்குத் தெரியக் கொஞ்ச நேரமாகும்.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடு. முன்னால் அவருடைய லேத் பட்டறை, பின்னால் பழைய பஞ்சு குடோன். பாகம் பிரித்தபோது குடோன் எங்களுக்கு வந்தது. கோத்தகிரியில் அங்கோரா முயல் வளர்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் நான் நூற்கப் படித்திருந்தேன். அவர் மகனோடு வெளிநாடு போனபோது ஐந்து முயல்களை வாங்கி வந்து குடோனில் வைத்தேன்.

பார்த்தால் பஞ்சுப் பொதிக்குக் காது முளைத்தாற்போல் இருக்கும். உதிரத் தயாரான ரோமத்தைச் சீப்பால் வாரி, கையால் மெல்லப் பறித்து, ராட்டையில் நூற்க வேண்டும். பருத்தி விரலைப் பிடித்துக்கொள்ளும், இது வழுக்கும். முறுக்கு சற்றுக் குறைந்தாலும் இழை பிரிந்து கையோடு வந்துவிடும். இந்த முயல்களுக்கு நம் வெயில் ஆகாது. ஆகவே குடோனுக்கு ஏ.சி. மாட்டினேன். கரண்ட் பட்டறை லைனிலிருந்துதான்.

மூத்தாருக்கு அது பொறுக்கவில்லை.

“முயலுக்கு ஏ.சி. போட்ட ஊடுன்னு ரோடே சிரிக்குதுங்க அம்மணி,” என்றார். “முயலுன்னா கறிக்கு. பஞ்சு மில்லு இருக்கற ஊர்ல முயல் மசுரை எவன் போத்துவான்?”

“நான் போத்திக்கறனுங்க மாமா.”

அன்றிலிருந்து தினமும் காலையில் என் கண்ணில் படுகிற இடத்தில் நின்று, இல்லாத ரோமத்தைச் சட்டையிலிருந்து தட்டிவிடுவார். அவர் மனைவி எங்கள் வீட்டில் காபி குடிப்பதை நிறுத்திக்கொண்டார். “அண்ணன் அப்படித்தான், உடு,” என்பார் கணவர். மூத்தார் பேச்சைவிட அந்த ‘உடு’தான் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒரு சித்திரையில், பவானியில் ஜமக்காளம் நெய்கிற ஒருவர் என் நூலில் சால்வை நெய்து பார்க்கச் சம்மதித்தார். நான் நூலோடு பவானிக்குக் கிளம்பிய அன்று கணவர் வேலைக்குப் போய்விட்டார். வேறு ஆளில்லாமல் பட்டறைக்குப் போய்ச் சொன்னேன்.

“கரண்டு போனா ஜெனரேட்டரைப் போட்டு உடுங்க மாமா. சாயங்காலம் வந்துபோடுவேன்.”

“பாத்துக்கறமுங்க அம்மணி. போயிட்டு வாங்க.”

நெசவாளர் நூலை விரலில் உருட்டிப் பார்த்து, “வெண்ணையாட்டம் இருக்குதுங்க,” என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

குடோன் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. ஏ.சி. ஓடவில்லை. மூன்று முயல்கள் கால்களை நீட்டி, வாய் திறந்து கிடந்தன. மற்ற இரண்டுக்கும் விலா மட்டும் படபடவென்று ஏறி இறங்கியது. அவற்றை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஈரத் துணியால் காதுகளைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அந்த இரண்டும் பிழைத்தன.

அப்புறம் பட்டறைக்குப் போனேன். லேத் ஓடிக்கொண்டிருந்தது. மூத்தாரின் ஆபீஸ் அறையில் ஏ.சி. குளுகுளுவென்றிருந்தது. குடோன் சுவிட்ச் மட்டும் அணைந்திருந்தது.

“புது மெசினு ஓட்டிப் பாத்தோம், லோடு தாங்கலீங்க அம்மணி. அணைச்சதை மறந்துபோட்டேன்,” என்றார், போனிலிருந்து கண்ணெடுக்காமல். எதிரே ஆர்டர் கொடுக்க வந்த இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துச் சொன்னார்: “முன்னாலயே தெரிஞ்சிருந்தா கறியாச்சும் ஆக்கியிருக்கலாம்.” அவர்கள் சிரித்தார்கள்.

நான் திரும்பிப் போய், செத்த மூன்றையும் கூடையில் எடுத்து வந்து, அவர் மேசையில் விரித்திருந்த வரைபடங்களின் மேல் வரிசையாகக் கிடத்தினேன்.

“இந்தாங்க மாமா. ஆக்கித் தின்னுங்க.”

ஏ.சி. காற்றில் ரோமம் கிளம்பி அறையெல்லாம் பறந்தது. வந்தவர்கள் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த கணவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “வந்தவங்க முன்னால அண்ணன் மானத்தை வாங்கிப்போட்டியே. போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளு.”

“அந்த மூணும் எப்படிச் செத்துதுன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

அன்றிரவு பிழைத்த இரண்டும் எங்கள் படுக்கையறை ஏ.சி.யில் இருந்தன, அவர் ஹாலில் படுத்துக்கொண்டார். மறுநாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல் மின்வாரிய ஆபீஸுக்குப் போய் குடோனுக்குத் தனி இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அண்ணனை எதிர்த்து அவராகச் செய்த ஒரே காரியம் அதுதான். கரண்ட் வந்ததும் நடுவில் சுவர் எழுப்பச் சொன்னேன். எழுப்பினார்.

இப்போது குடோனில் மறுபடி முயல்கள் நிறைந்துவிட்டன. போன மாதம் மூத்தாரின் மனைவி எங்கள் கேட்டுக்கு வந்தார். சுற்றிக்கொண்டிருந்த நூல் உருண்டையோடு எழுந்து போனேன். டெல்லியில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது.

“அங்க ரொம்பக் குளுருதாமா. அந்த முயல் நூல்ல ஒரு குல்லா பின்னித் தாரியா, அம்மணி?”

“இல்லீங்கக்கா.”

“கையில வெச்சிருக்கிறது என்ன?”

“நூல்தானுங்க. ஆனாத் தர மாட்டேன்.”

அவர் முகம் சுருங்கியதைப் பார்த்துக்கொண்டே கேட்டைச் சாத்தினேன். “கொழந்தை என்ன பாவம் பண்ணுச்சு?” என்று கணவர் கேட்டார். ஒரு பாவமும் பண்ணவில்லை. டெல்லியில் கடை கடையாகக் குல்லா தொங்கும். நல்லதாகப் பார்த்து வாங்கிப் போடட்டும். என் முயல்களின் நூல் அந்த வீட்டுக்குப் போகாது.