ரிவர்ஸ் இல்லாத பயணங்கள்

லவெல் ஜெப்சன் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டி ஓய்வு பெற்றவர். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ரிவர்ஸ் எடுக்கக் கூடாது என்பது பள்ளியின் விதி. லவெல் காலி வண்டியைக்கூடப் பின்னால் எடுத்ததில்லை. ஒருமுறை திருப்பத்தைத் தவறவிட்டு, அடுத்த ஊர்வரை போய்ச் சுற்றி வந்தார். அன்று காலை முதல் பீரியடில் நடக்கவிருந்த கணக்குத் தேர்வு தவறிப்போனது. அந்த ஒரு காரியத்துக்காகவே பிள்ளைகள் அவரை இன்றும் கொண்டாடுகிறார்கள்.

ஓய்வு பெற்றதும் பிக்கப் வண்டியின் பின்னால் கட்டி இழுக்கிற டிரெய்லர் ஒன்று வாங்கினார். கட்டிலும் அடுப்புமாகச் சின்ன வீடு அது. அதை நிறுத்துவதற்காகக் கொல்லை வேலியை உடைத்து இரண்டாவது கேட்டும் வைத்தார். காற்று வரட்டும் என்றுதான் வைத்ததாக மனைவி ஆர்டித்திடம் சொன்னார். உண்மை எனக்கு மட்டும் தெரியும். லவெலுக்கு டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்க வராது.

கோடைதோறும் அவர்கள் கிளம்புவார்கள். பக்கத்து வீட்டுக்காரனான நானும் என் டிரெய்லரோடு பின்னால் போவேன். ஹேங்க்ஸ்வில், கிரீன் ரிவர் என்று எல்லாம் யூட்டா மாநிலத்தின் பாலைவன ஊர்கள். இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறலாம் என்றால் போதும், பெட்ரோல் பங்கின் பின்பக்கச் சரளைத் திடலும் லவெலுக்கு இயற்கைக் காட்சிதான்.

ஆர்டித்தின் ஆசை ஒன்றே ஒன்று. மலைப் பூங்காவில், ஏரிக்கரையில் ஓர் இரவு. ஆனால் அங்கே மரங்களுக்கு நடுவே டிரெய்லரைப் பின்னால் தள்ளித்தான் நிறுத்த முடியும். அதனால் லவெல் ஒரு வருஷம் கொசு என்பார், மறு வருஷம் கரடி என்பார்.

போன கோடையில் அவர்களுடைய நாற்பதாவது திருமண நாள். ஆர்டித் யாரையும் கேட்காமல் ஏரிக்கரையில் இடம் பதிவு செய்துவிட்டார்.

முகாமுக்குள் புது டிரெய்லர் வந்தால் எல்லோரும் மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். அதுதான் அங்கே மாலைக்காட்சி. என் டிரெய்லரை நிறுத்திவிட்டு நானும் விரித்தேன். லவெல் இடத்தைத் தாண்டிப் போனார். ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி தாண்டிப் போனார். மூன்றாம் சுற்றில் ஒருவர் சோளப்பொரியோடு வந்து சேர்ந்தார். கடைசியில் நிறுத்தி ரிவர்ஸ் எடுத்தார். டிரெய்லர் நேராகச் சோளப்பொரிக்காரரை நோக்கி வந்தது.

லவெல் இன்ஜினை அணைத்தார்.

"ஆர்டித், எனக்கு ரிவர்ஸ் வராது. என்னைக்குமே வந்ததில்ல."

ஆர்டித் இறங்கி ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார். "தள்ளி உக்காரு."

அப்பாவின் பண்ணையில் டிராக்டரோடு கட்டிய வைக்கோல் வண்டியைக் கொட்டகைக்குள் ரிவர்ஸில் விட்டு வளர்ந்தவர் அவர். ஒரே தடவையில், மரப்பட்டையில்கூட உரசாமல் டிரெய்லர் உள்ளே போய் நின்றது. நாற்காலிகள் ஏமாற்றத்தோடு மடங்கின.

"இத அன்னைக்கே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? உனக்குப் பாலைவனம்னா உசிருன்னு நெனச்சு வருசா வருசம் மண்ணும் சாண்ட்விச்சுமா தின்னேன்."

"எனக்கா? வெயில் பட்டாலே எனக்குத் தலைவலி."

அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் சோளப்பொரிக்காரர் வந்து, தன் டிரெய்லரும் கொஞ்சம் கோணலாக நிற்பதாக ஆர்டித்திடம் தணிந்த குரலில் சொன்னார்.

மறுநாள் கிளம்பும்போது லவெல் சாவியை நீட்டினார். ஆர்டித் வாங்கவில்லை.

"முன்னால போறதுதானே? அத நீயே ஓட்டு."