பெயர் தெரியாத தொழிலாளி என்று நான் எழுதிய பெண்

மலேசியாவில், ஜொகூர் பாருவில் ஓர் ஓவிய அருங்காட்சியகத்தில் ரெஜிஸ்ட்ராராக இருந்தேன். எந்த ஓவியம் சுவரில் தொங்குகிறது, எது ஸ்டோரில் இருக்கிறது, எது வெளியே போய் எந்த நிலையில் திரும்பி வருகிறது என்று எழுதி வைப்பது என் வேலை. சர்வீஸில் ஒரே ஒரு எச்சரிக்கைக் கடிதம் வாங்கினேன். அது எப்படி வந்தது என்பதை இதுவரை ஆபீஸுக்கு வெளியே சொன்னதில்லை.

1. பாலோவிலிருந்து வந்தவர்

ஒரு நாள் மதியம் கவுண்டரிலிருந்து கூப்பிட்டார்கள். பெயர் குணாளன், ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவர்.

“மேல மஞ்ச ரவிக்கை போட்ட ஒரு அம்மா படம் இருக்குல்ல, அது எங்கம்மாங்க. பேரு அஞ்சலை. பாலோ பக்கத்து ரப்பர் எஸ்டேட்ல பால்மரம் வெட்டிக்கிட்டிருந்தாங்க. மூணு நாள் உக்கார வச்சி வரைஞ்சாரு அந்த ஓவியரு.”

அந்த ஓவியத்தின் லேபலில் ‘பெண்’ என்று மட்டும்தான் இருந்தது. ஆதாரம் கேட்டேன். அடுத்த வாரமே ஒரு போட்டோ கொண்டு வந்தார். பாதி முடிந்த ஓவியம், ஒரு பக்கம் ஓவியர், மறுபக்கம் அதே மஞ்சள் ரவிக்கையில் அவர் அம்மா. சந்தேகப்பட இடமே இல்லை.

“கமிட்டிக்கு அனுப்பிடறேன் அண்ணே” என்றேன்.

லேபலை மாற்றுவது கமிட்டியின் கையில். அதற்கு அனுப்ப ஒரு பக்கக் குறிப்பு எழுத வேண்டும். எழுதவில்லை. போட்டோவை ஓர் உறையில் போட்டு டிராயரில் வைத்தேன். குணாளன் இரண்டு தடவை போன் செய்தார். “பாத்துக்கிட்டிருக்காங்க” என்றேன். பிறகு அவர் கூப்பிடவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

2. லோன் பாரம்

இரண்டு வருடம் கழித்து, வெளிநாட்டில் நடக்கும் ஓர் அனைத்துலகக் கண்காட்சிக்கு எங்களிடம் நான்கு நவீன உருவப்படங்களை இரவல் கேட்டார்கள். அதில் அஞ்சலையின் படமும் ஒன்று.

லோன் பாரத்தில், அதாவது இரவல் படிவத்தில், ஓவியர், ஆண்டு, அளவு எல்லாம் போட்டாகிவிட்டது. ‘ஓவியத்தில் இருப்பவர்’ என்ற இடம் மட்டும் பாக்கி. பெயரைப் போட்டால் அஞ்சலையின் சம்மதக் கையெழுத்து வேண்டும், கமிட்டி ஒப்புதல் வேண்டும். போட்டோ ஏன் இரண்டு வருடம் டிராயரில் கிடந்தது என்று கேட்பார்கள். பாரம் வெள்ளிக்கிழமை போயாக வேண்டும். பாலோ காரில் இரண்டு மணி நேரம்தான். நான் போகவில்லை. ‘பெயர் தெரியாத இந்தியத் தொழிலாளி’ என்று ஆங்கிலத்தில் டைப் செய்தேன்.

எங்கள் இயக்குநர் புவான் ரொஹானா, அதாவது ரொஹானா மேடம், கையெழுத்துப் போடும்முன் நிமிர்ந்து பார்த்தார். “பெயர் கிடைக்கவே இல்லையா, மலர்?” என்று மலாயில் கேட்டார்.

“இல்லை, புவான். வரைந்தவரும் இறந்துவிட்டார்” என்றேன்.

இரண்டாவது வாக்கியம் உண்மை. அதை வைத்து முதலாவதை நம்ப வைத்தேன்.

என் அம்மாவும் குளுவாங் பக்கம் பால்மரம் வெட்டியவர்தான். ஆபீஸில் யாருக்கும் அதைச் சொன்னதில்லை. ‘தொழிலாளி’ என்று டைப் செய்தபோது, எனக்குச் சம்பந்தமே இல்லாத யாரைப் பற்றியோ எழுதுவது போலத்தான் இருந்தது.

3. கவுண்டரில்

கண்காட்சிக்காரர்கள் அந்தப் படத்தையே போஸ்டராக அடித்தார்கள். நம் ஊர்ப் பேப்பரிலும் வந்தது, ‘பெயர் தெரியாத பெண்’ என்ற வரியோடு. அந்த வாரமே குணாளன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அஞ்சலை அம்மா பட்டுச்சேலை கட்டியிருந்தார், கையில் ஊன்றுகோல். புவான் ரொஹானாவும் என்னோடு கீழே இறங்கி வந்தார்.

குணாளன் சத்தம் போடவில்லை. பேப்பரை கவுண்டரில் விரித்தார். “மேடம், போட்டோ குடுத்தேனே. தொலஞ்சு போச்சா?”

எனக்குத் தப்பிக்க வழியை அவரே கொடுத்துவிட்டார். ஆமாம் என்றால் முடிந்தது. வாய் வரைக்கும் வந்தது.

“தொலையலண்ணே. என் டிராயர்லதான் இருக்கு. நான்தான் அனுப்பல.”

புவானுக்குத் தமிழ் தெரியாது. அதையே மலாயில் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை பேப்பரைப் பார்த்தே சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் அஞ்சலை அம்மாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேம்மா” என்றார் அஞ்சலை அம்மா. “நான் உயிரோடதான இருக்கேன்.”

அன்றே கண்காட்சிக்காரர்களுக்கு ஈமெயில் போனது; எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அங்கே லேபலை மாற்றிவிட்டார்கள். கண்காட்சிப் புத்தகமான கேட்டலாக்கை மாற்ற முடியவில்லை, அச்சாகி விற்பனைக்கும் வந்துவிட்டது. மீதி இருந்த பிரதிகளில் ஒட்ட ஒரு திருத்தச் சீட்டு அடித்தார்கள், இரண்டு விரல் அகலத்தில்.

ஒரு பிரதியை நானே பாலோவுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அஞ்சலை அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. “எங்க என் பேரு?” என்று கேட்டார். சீட்டைக் காட்டினேன். விரலால் அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

“எல்லா புஸ்தகத்துலயும் ஒட்டிட்டாங்களா?”

“இல்லம்மா. வித்துப் போனதுல ஒட்ட முடியாது.”

“அப்ப அதுல எல்லாம் நான் யாரோதான்.”

கோபமாகச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்காமலே திரும்பி வந்தேன்.

இந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதில் குற்றமில்லை. ஆனால் எழுதும்முன் யாரையெல்லாம் கேட்டோம் என்று ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். நான் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.