நோன்பு வேண்டாம் என்று நான் சொன்ன வருடம்

சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். ஆம்புலன்ஸிலிருந்து இறக்கிய ஸ்ட்ரெச்சர் எங்கள் அவசரப் பிரிவுக்குள் நுழையும்போதே வெங்காயமும் நெய்யும் கருகிய வாடை கூட வந்தது. படுத்திருந்தவரின் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. வாய் குழறியது. வலது முன்கை வெந்து தோல் உரிந்திருந்தது.

"ஸ்ட்ரோக் மாதிரி இருக்கு டாக்டர்," என்றார் கூட வந்த எம்.ஏ. மருத்துவ உதவியாளரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். "நோன்பு மாசச் சந்தைல, பசார் ரமலான்ல, முர்தபா ரொட்டி போட்டுக்கிட்டு இருந்தாராம். நின்ன வாக்குல அப்படியே கல்லு மேல சாஞ்சிட்டாரு."

முகத்தைப் பார்த்தேன். ஐயோ என்றிருந்தது. என் பேஷன்ட். சிராஜுதீன் பாய்.

வாரத்தில் ஐந்து நாள் ரெங்கம் டவுனில் என் சொந்த கிளினிக்கில் உட்காருவேன். சனிக்கிழமைகளில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஷிஃப்ட் பார்ப்பேன். கிளினிக்கில் செய்த தப்பு அவசரப் பிரிவுக்கு வந்து நிற்பதைப் பார்க்கும் பாக்கியம் எல்லா டாக்டருக்கும் கிடைக்காது. எனக்குக் கிடைத்தது.

"சுகர் பாருங்க, முதல்ல சுகர்!" என்று கத்தினேன். விரல் நுனியில் குத்திப் பார்த்தார்கள். 1.8. நான்குக்குக் கீழே போனாலே ஆபத்து. ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை. மூன்றாவது குத்தில் கிடைத்தது. டெக்ஸ்ட்ரோஸ், அதாவது சர்க்கரைத் தண்ணீர், ஏற்றினோம். சில நிமிடம் கழித்துக் கண்ணை உருட்டி என்னைப் பார்த்தார்.

"டாக்டர், நீங்க எப்படி இங்க?" என்று கேட்டார். உடனே பதறினார். "எனக்கு வாயில ஏதாச்சும் குடுத்தீங்களா?"

அந்த நிலைமையிலும் மனிதருக்கு நோன்பு பற்றித்தான் கவலை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால்தான் கிளினிக்கில் அவரிடம் சொல்லியிருந்தேன். "பாய், உங்க சுகருக்கு இந்த வருஷம் நோன்பு வேண்டாம். பிடிக்கக் கூடாது. புரியுதா?" என்றேன். வெளியே பதினாறு பேர் காத்திருந்தார்கள். அவர் தலையாட்டினார். "சரி டாக்டர்" என்றார். "மருந்தை மட்டும் ஒரு வேளைகூட விடாதீங்க" என்று ஒரு மிரட்டலையும் சேர்த்து அனுப்பி வைத்தேன். மொத்தமே அரை நிமிடம்தான் ஆகியிருக்கும். அவருடைய கார்டில் "நோன்பு வேண்டாம் என அறிவுறுத்தப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வேலை முடிந்தது என்று நினைப்பு.

பாயின் மனைவி ஜமீலா அக்கா வெளியே பெஞ்சில் அழுதுகொண்டிருந்தார். "அக்கா, நான் பிடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே! மருந்தை எப்படிச் சாப்பிட்டார்?" என்று கேட்டேன்.

"நீங்க திட்டுவீங்கன்னுதான் டாக்டர் உங்ககிட்ட சரின்னு சொன்னாங்க. ஆனா ஒரு வேளைகூட விடாதீங்கன்னு சொன்னீங்கள்ல, அத அப்படியே கேட்டாங்க. காலைல மாத்திரை, ராத்திரி மாத்திரை, ரெண்டையும் சேத்து சஹருக்கே முழுங்கிட்டு நோன்பு பிடிச்சாங்க."

சஹர் என்பது விடியலுக்கு முன் சாப்பிடும் சாப்பாடு. அதற்குப் பிறகு ஏழேகால் மணிவரை பச்சைத் தண்ணீர் கிடையாது. உள்ளே இரண்டு வேளை மாத்திரை, எதிரே கொதிக்கிற கல். என் இரண்டு கட்டளையில் ஒன்றை மீறினார், இன்னொன்றை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினார். இரண்டும் சேர்ந்துதான் அவரைச் சாய்த்தன.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்று பெஞ்சில் உட்கார்ந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டதோடு சரி. வெட்கமாக இருந்தது. நான் கத்தோலிக்கப் பெண். தவக்காலத்தில் காப்பியை விடுகிறேன் என்று சபதம் போட்டு மூன்றாம் நாளே கோப்பி ஓ என்கிற கடுங்காப்பியைக் குடித்தவள். அந்த லட்சணத்தில் ஏழு வயதிலிருந்து நோன்பை விடாத ஒரு மனிதரிடம் அரை நிமிடத்தில் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேஷன்டைக் கூப்பிட்டிருக்கிறேன்.

கை ஆற இரண்டு மாதம் பிடித்தது. இப்போதும் அந்தக் கையின் விரல்கள் முழுதாக மடங்காது.

மறுவருடம் நோன்புக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே இருவரும் வந்துவிட்டார்கள். "இந்த வருஷமும் பிடிப்பேன் டாக்டர். உங்ககிட்ட பொய் சொல்லப் பிடிக்கல, அதான் முன்னாடியே சொல்றேன்," என்றார் பாய்.

இந்தத் தடவை நான் கதவைச் சாத்தினேன். எத்தனை மணிக்குச் சாப்பிடுவார், எத்தனை மணி நேரம் கல் முன்னால் நிற்பார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். சர்க்கரையைச் சட்டென்று இறக்காத மருந்துக்கு மாற்றினேன். பெரிய டோஸை நோன்பு திறந்த பிறகு வைத்தேன். சுகர் பார்க்கும் மெஷினைக் கையில் கொடுத்தேன். "நாலுக்குக் கீழ போச்சுன்னா அந்த நிமிஷமே திறந்திடணும்" என்றேன்.

"விரல்ல குத்தி ரத்தம் வந்தா நோன்பு முறிஞ்சிடாதா?" என்று கேட்டார்.

"நான் சர்ச்சுக்குப் போற ஆளு பாய், எனக்கென்ன தெரியும்? உங்க இமாமைக் கேளுங்க."

கேட்டுக்கொண்டு வந்தார். முறியாதாம். உயிருக்கு ஆபத்து என்றால் திறந்துதான் ஆக வேண்டும், பிறகு ஒரு நாள் பிடித்து ஈடு கட்டலாம் என்று இமாம் இவருக்கு நல்ல டோஸ் கொடுத்து அனுப்பியிருந்தார்.

பதினெட்டு நோன்பு பத்திரமாகப் போனது. பத்தொன்பதாம் நாள் நான்கு மணிக்கு போன் வந்தது.

"டாக்டர், 3.6 காட்டுது."

"மறுபடி குத்துங்க."

"குத்திட்டேன். 3.5."

"குடிங்க பாய்."

பின்னால் பசார் இரைச்சல் கேட்டது. "இன்னும் மூணு மணி நேரம்தான் டாக்டர். எதிர்ல நிக்கிற சனம் மொத்தமும் நோன்போட நிக்கிது. நான் மட்டும்…"

ஜமீலா அக்கா போனை வாங்கினார். "யாரும் பாக்காம எங்க வேனுக்குள்ள உக்கார வெச்சுக் கதவைச் சாத்திட்டேன் டாக்டர். இனிப்பு சிரப் தண்ணி கலந்து குடுத்திருக்கேன். கையில வெச்சிக்கிட்டு அழுவுறாங்க."

"ஸ்பீக்கர்ல போடுங்கக்கா," என்றேன். என் முன்னால் ஒரு பேஷன்ட் சட்டையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பாய், நான் லைன்லயே இருக்கேன். அவசரமில்லன்னு சொல்ல மாட்டேன், அவசரம்தான். ஆனா நீங்க குடிக்கிறவரைக்கும் வைக்க மாட்டேன்."

பிறகு மெல்லிய குரலில் "பிஸ்மில்லாஹ்." தொண்டையில் இறங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. நானும் அழுதுவிட்டேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

கால் மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். "5.1 டாக்டர். கல்லுக்கு வேற ஆளப் போட்டிருக்கேன். கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன்."

இதைப் படிக்கும் இளம் டாக்டர்களே, வேண்டாம் என்று சொல்ல அரை நிமிடம் போதும். அந்த வார்த்தை எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளிடம் எதைப் பறிக்கிறது என்று கேட்க இருபது நிமிடமாவது ஆகும். நான் அந்த இருபது நிமிடத்தை ஒரு வருடம் தாமதமாகக் கொடுத்தேன். அதற்குள் ஒரு மனிதரின் கை வெந்துபோனது.