தம்பிக்கு நான் கொடுத்த காசநோய்

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என் கையில் றப்பர் பால் வாளியைக் கொடுத்துவிட்டார்கள். நினைவும் இப்போது ஓட்டை. முன்பின்னாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் நான். தாள் என்றால் திரும்பி முறைக்காது என்று எழுத உட்கார்ந்தேன்.

நாட்டில் சண்டை முடிவதற்கு மூன்று நான்கு வருடம் இருக்கும்போது என் தம்பி கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தான். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் பல வருடம் கொத்து ரொட்டி போட்டவன். மற்றவர்கள் கொழும்பிலிருந்து ரேடியோ, பெட்டி என்று கொண்டு வருவார்கள். இவன் தூள் பழக்கத்தைக் கொண்டு வந்தான். சிங்களத்தில் குடு என்பார்கள், பேப்பரில் ஹெரோயின் என்று போடுவார்கள். இவனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவன் அந்தத் தூளை இழுத்தே செத்துப்போனான். அந்தப் பயத்தில்தான் இவன் ஓடி வந்தான்.

எங்கள் டவுனான எஹலியகொடையில் ஒரு டாக்டர் தூளுக்குப் பதிலாக ஒரு மருந்து கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டுக் கூட்டிப் போனேன். அதைக் குடித்தால் உடம்பு முறுக்காது, தூளைத் தேடி ஓட வேண்டாம். ஆனால் தினமும் போக வேண்டும். அவர்கள் கண் முன்னாலேயே குடிக்க வேண்டும். எத்தனை மாதத்துக்கு என்று கேட்டதற்கு, வருடக்கணக்காகவும் ஆகலாம் என்றார்கள். மருந்து முடிந்ததும் ஆலோசகர் என்று ஒரு சிங்கள ஐயா, மாத்தயா என்போம், அவர் முன்னால் அரை மணி நேரம் உட்கார வேண்டும்.

முதல் நாள் நானும் கூட உட்கார்ந்தேன். மாத்தயா தமிழிலேயே கேட்டார். தம்பி என்பதை மட்டும் சிங்களத்தில் மல்லி என்றார்.

"மல்லி, மனசுல என்ன இருக்கு?"

என் தம்பியிடம் பிறந்ததிலிருந்து யாரும் கேட்காத கேள்வி. அவன் கூரையை அண்ணாந்து பார்த்தான்.

"ஃபேன் சத்தம் போடுதுங்க."

அரை மணி நேரத்தில் கிடைத்தது அவ்வளவுதான். மறுநாள் போனபோது ஃபேனை நிறுத்தியிருந்தார். மூன்று பேரும் வேர்த்து வழிந்தோம். இதுவும் ஒரு வைத்தியம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பிக்குத் தோட்டத்தில் றப்பர் பால்வெட்டு வேலை கிடைத்தது. விடியற்காலையில் மரங்களை வெட்டிவிட்டு பஸ் ஏறிவிடுவான். பால் வடிந்து சிரட்டை நிறையும் நேரத்தில் அவன் டவுனில் மருந்து குடித்துக்கொண்டிருப்பான். என் மரங்களோடு அவன் மரங்களின் பாலையும் நானே வாளியில் சேர்த்தேன். நாங்கள் இருக்கும் வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு, கண் இல்லையா? குடும்பத்துக்கு ஒரு அறை, அதுதான் காம்பரா; பக்கத்துக் காம்பராக்காரி கேட்டேவிட்டாள்.

"ஏன்க்கா, ஒங்க தம்பி தெனமும் டவுனுக்கு எங்க போறாரு? பொண்ணு கிண்ணு பாத்து வச்சிருக்காரா?"

தூள் என்று சொன்னால் மானம் போகும். தினமும் ஆள் முன்னால் மருந்து குடிக்கிற வேறு வியாதி எது என்று யோசித்தேன். முன்பு ஒருவர் தோட்டத்து டிஸ்பென்சரியில் அப்படிக் குடித்தது ஞாபகம் வந்தது.

"டீபி" என்றேன். என் அறிவுக்கு அது மரியாதையான வியாதியாகப் பட்டது.

சாயங்காலமே தண்ணீர் பிடிக்கும் பீலியில் அவள் பானை என் பானையை விட்டு நாலு அடி தள்ளிப் போயிருந்தது. இரண்டு நாளில் செய்தி டிஸ்பென்சரி ஐயாவுக்கு எட்டியது. எந்த வியாதிக்கும் ஒரே வெள்ளை மாத்திரையைக் கொடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்த மனுஷன், பார்த்து அன்றைக்கா விழித்துக்கொள்ள வேண்டும்? லயத்தில் எல்லோரும் சளி துப்பிக் கொடுக்கச் சொல்லிக் காம்பராவுக்குக் காம்பரா சின்னப் போத்தல்கள் வந்தன. மருந்து குடிக்கிற இடத்திலிருந்து கடிதம் கொண்டுவரும்வரை தம்பிக்கு வேலை இல்லை என்றும் உத்தரவு.

தம்பி பையைக் கட்டினான். "நான் கொழும்புக்கே போறேன்க்கா. அங்க யாரும் யாரையும் கேக்க மாட்டாங்க."

அவன் அறைக்காரன் செத்தபோதும் யாரும் கேட்கவில்லைதான். கையைக் காலைப் பிடித்து அவனை மாத்தயாவிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

"டீபிக்கு மருந்து குடிக்குறான், வேல செய்யலாம்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க மாத்தயா" என்று கேட்டேன்.

"பொய் எழுத எனக்கு முடியாது, அக்கே."

"அப்போ உண்மைய நீங்களே வந்து சொல்லிருங்க."

"அதுவும் முடியாது. அது மல்லியோட விஷயம். அவர் சரின்னு சொல்லாம நான் வாய் திறக்கவே கூடாது."

பொய்யும் சொல்ல மாட்டார், உண்மையும் சொல்ல மாட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே, ஒரு உத்தியோகஸ்தரிடம் என் ஆயுளிலேயே முதல் கேள்வியைக் கேட்டேன். "அப்போ ஒங்களுக்கு எதுக்குங்க சம்பளம்?"

மாத்தயா சிரித்தார். "கேட்டுக்கிட்டு இருக்குறதுக்கு." பிறகு தம்பி பக்கம் திரும்பினார். "மல்லி, சொல்றதா இருந்தா நீங்கதான் சொல்லணும். நான் பக்கத்துல ஒக்காருறேன். கொழும்புக்குப் போறதா இருந்தாலும், போறதுக்கு முன்ன இங்க வந்து சொல்லிட்டுப் போங்க."

தம்பி ஓடாத ஃபேனை அண்ணாந்து பார்த்தான். பிறகு, "ஞாயித்துக்கெழம லயத்துக்கு வாங்க" என்றான்.

வந்தார். சப்பாத்துக்குள் ரத்தம் குடிக்கிற இரண்டு அட்டைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் முக்காலியில் உட்கார்ந்து தேத்தண்ணியைக் கையில் வாங்கினார். லயமே வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் கூடிவிட்டது. இவ்வளவு தூரம் வந்தவர் ஒரு பிரசங்கமாவது செய்வார் என்று பார்த்தால், வாயைத் திறக்கவில்லை. தம்பி எழுந்து நின்றான். தொண்டையைச் செருமினான். அவ்வளவுதான். கட்டிய பை உள்ளே கதவோரம் கிடந்தது. அவன் கண் அந்தப் பக்கம் போனதை நான் பார்த்தேன்.

"டீபி இல்ல. நான் சொன்னது பொய்" என்றேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

அதற்குப் பிறகு தம்பி சொன்னான். தூள், செத்துப்போனவன், மருந்து, எல்லாம். மாத்தயா தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் முதலில் பேசியது கங்காணி. "அப்போ நாங்க எல்லாரும் எதுக்குடா போத்தல்ல துப்புனோம்?"

சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அன்று சாயங்காலம் அவனே பையை அவிழ்த்தான். அவன் சரி என்ற பிறகு மாத்தயா கடிதம் எழுதினார்: காசநோய் இல்லை, மருந்தில் இருக்கிறார், வேலை செய்யலாம். பெரிய மனசு பண்ணி டிஸ்பென்சரி ஐயாவும் அதை ஒப்புக்கொண்டார்.

லயத்துச் சனமும் திருந்திவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த வாரமே, பூட்டு என்றால் என்னவென்று தெரியாத கதவுகளிலெல்லாம் பூட்டுத் தொங்கியது. காசநோய்க்கு ஒதுக்கினது பானையை மட்டும். தூளுக்கு, திருடிவிடுவான் என்ற பயத்தில், சட்டி, சேவல் எல்லாம் உள்ளே போயின. தம்பி அதைப் பார்த்துக்கொண்டே தினமும் பஸ்ஸுக்குப் போனான்.

ஒரு மாதம் கழித்து, புதுப் பூட்டை முதலில் மாட்டிய பக்கத்துக் காம்பராக்காரி நான் பால் சேர்க்கிற இடத்துக்கு வந்தாள். கேட்காமலே தம்பி மரத்துச் சிரட்டைகளை என் வாளியில் கவிழ்த்தாள்.

"அக்கா, அந்த பஸ் எத்தன மணிக்கு? எங்க மருமகனுக்கு."

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அவருக்கும் டீபியா என்று. கேட்கவில்லை. பஸ் நேரத்தைச் சொன்னேன்.

தம்பி இன்னும் உயிரோடு இருக்கிறான். நான் எழுதியதைப் பார்த்துவிட்டு, ஃபேன் விஷயம் நடந்தது முதல் நாள் இல்லை என்கிறான். எனக்கு நிச்சயமில்லை. மருந்தின் பெயரும் என் வாயில் நுழையவில்லை, வருடமும் பிசகியிருக்கலாம். மருந்து கொடுத்த அந்த இடத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது இதை வாசித்தால் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். நாங்கள் துப்பிய போத்தல்களை டிஸ்பென்சரி ஐயா கடைசியில் என்ன செய்தார் என்பது தெரிந்தவர்கள் இருந்தால், அதையும் ஓரத்தில் எழுதி வையுங்கள்.