யாரும் திறக்காத குடம்

எருசலேமில் கெயுலா பக்கம் நான் பழைய எபிரேயப் புத்தகக் கடை வைத்திருந்தபோது, கடைக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. படிக்கிறவர்கள் நின்றபடியே பாதிப் புத்தகத்தை முடித்துவிட்டு, வாங்காமல் போவார்கள். சேர்க்கிறவர்கள் முகப்புப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வாங்குவார்கள். எனக்குச் சோறு போட்டவர்கள் இரண்டாம் வகையினர்தான். எல்லாரும் மரியாதையாக 'ரெப்' போட்டுக் கூப்பிடுகிற எல்யாக்கீம் கெட்செல் இந்த இரண்டிலும் சேராதவர். அவர் புத்தகம் எழுதுகிற மனிதர்.

வெள்ளரிக்காய் ஊறுகாய்த் தொழிற்சாலை ஒன்றில் மத விதிப்படி மேற்பார்வை பார்ப்பது அவர் வேலை. காடிக்குள் விழுந்த பூச்சியைப் பற்றிப் பதினோரு வருடம் யோசித்து, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதினார். எங்கள் வழக்கப்படி தம் பெயரையே கோத்து 'எல்யாக்கீமின் குடம்' என்று தலைப்பு வைத்தார். மதகுருக்களான மூன்று பெரிய ரப்பிகளிடம் பாராட்டுக் கடிதமும் வாங்கிவிட்டார். முதலாமவர், "நூலைப் பார்க்க அவகாசம் கிட்டவில்லை, ஆசிரியர் நல்ல குடும்பம் எனக் கேள்வி" என்று எழுதினார். இரண்டாமவர், முதலாமவர் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்றார். மூன்றாமவர் கையெழுத்தோடு நிறுத்திக்கொண்டார்.

காகிதத் தட்டுப்பாட்டுக் காலம். பழுப்புத் தாளில் ஐந்நூறு பிரதி அச்சாயிற்று. அச்சகத்தின் வெட்டும் இயந்திரம் பழுது. ஆகவே தாள்களை மடித்துத் தைத்து, ஓரம் வெட்டாமலே கொடுத்தார்கள். படிக்க வேண்டுமானால் கத்தியால் கீறித்தான் பக்கத்தைப் பிரிக்க வேண்டும். யாரும் கத்தியைத் தேடவில்லை. இருபது பிரதி அன்பளிப்பாகப் போயிற்று. கல்யாண வீடுகளில் எல்யாக்கீம் அக்குளில் புத்தகத்தோடு நுழைவதைக் கண்டால் மாப்பிள்ளை வீட்டார் சமையலறைக்குள் ஒளிந்தார்கள்.

மிச்சம் நானூற்றெண்பதும் அவர்களுடைய ஒன்றரை அறை வீட்டில். மத விதி பேசுகிற நூலும் புனிதப் புத்தகம்தான்; அதை வைத்த பலகையில் அதற்குச் சமமாக உட்காரக் கூடாது என்பது விதி. பெஞ்சு, கட்டில், பெட்டி எல்லாவற்றிலும் 'குடம்' இருந்ததால் குடும்பம் இரண்டு வருடம் நின்றுகொண்டே சாப்பிட்டது.

மூன்றாம் வருடம் மழையில் கூரை ஒழுகி, அத்தனையும் ஊறிப் பூசணம் பிடித்தது. அவருடைய மனைவி ஃப்ரூமெட், யிஹ்யாவைக் கூப்பிட்டு அனுப்பினாள். கெட்டுப்போன புனிதப் புத்தகங்களைச் சேகரித்து இடுகாட்டில் அடக்கம் செய்கிற யேமன்காரர் அவர். எல்யாக்கீம் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அவர் தமக்கென்று வைத்திருந்த பிரதி உட்பட எல்லாம் வண்டியேறிவிட்டது.

"ஒண்ணையாவது விட்டு வெச்சிருக்கக் கூடாதா?" என்று வாசலில் நின்று அழுதார் எல்யாக்கீம்.

"ரெண்டு வருஷமா நான் உக்காரலங்க," என்றாள் ஃப்ரூமெட், பெஞ்சில் உட்கார்ந்தபடி.

கதை இதோடு முடிந்திருக்கும். நான்தான் வாயைத் திறந்து கெடுத்தேன்.

ஆரோன்ஃபெல்ட் என்று ஒரு பல் டாக்டர் என் கடைக்கு வருவார். எருசலேமில் அச்சான எல்லாப் புத்தகமும் தம்மிடம் இருப்பதாகப் பீற்றிக்கொள்வார். ஒருநாள் என் அலமாரிகளைப் பார்த்து, "குப்பை! இதெல்லாம் எங்கிட்ட எப்பவோ இருக்கு," என்றார். எனக்குச் சுருக்கென்றது.

"'எல்யாக்கீமின் குடம்' இருக்கா டாக்டர்?"

அவர் முகம் வெளிறியது. "அது என்ன புத்தகம்?"

"இல்லையா? சரி, விடுங்க. அது கிடைக்காது."

ஒரு மாதத்துக்குள் டெல் அவீவ்வரை செய்தி பரவிவிட்டது. என்ன புத்தகம் என்று ஒருவருக்கும் தெரியாது. கிடைக்காது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்தது. சேகரிப்பாளர்கள் இடுகாட்டுக்கே போய், குழியைத் தோண்டிப் பார்க்கச் சொல்லி யிஹ்யாவைக் கெஞ்சினார்கள்.

"உங்கப்பாவையும் தோண்டி எடுக்கட்டுமா, ஏதாச்சும் பாக்கி வெச்சிருக்காரான்னு?" என்று அவர்களை விரட்டினார் யிஹ்யா.

எல்யாக்கீம் பூரித்துப்போனார். டாக்டர் ஆரோன்ஃபெல்ட்டே வீடு தேடி வந்து ஒரு பிரதி கேட்டபோது, "புத்தகம் இல்லைன்னா என்ன டாக்டர், உள்ள இருக்கிறது முழுக்க எனக்கு மனப்பாடம். உக்காருங்க, சொல்றேன்," என்று ஆரம்பித்தார். மூன்றாவது பூச்சி வருவதற்குள் டாக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

கடைசியில் பாராட்டுக் கடிதம் தந்த முதலாம் ரப்பி காலமானார். அவர் அலமாரியிலிருந்து அன்பளிப்புப் பிரதி வெளியே வந்தது. ஒரு மடிப்பும் பிரிக்கப்படவில்லை. டாக்டர் முந்திக்கொண்டார்.

செய்தி கேட்டதும் எல்யாக்கீம் என் கடைக்கு ஓடி வந்தார். "நஃப்தலி, என்னை அங்க கூட்டிட்டுப் போ. எண்பத்தெட்டாம் பக்கத்துல ஒரு 'கூடாது' விட்டுப்போச்சு. காடியில செத்த பூச்சியைத் தின்னலாம்னு அச்சாயிருக்கு! கொடுத்த பிறகுதான் கவனிச்சேன். பதினெட்டுப் பேர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டேன். எங்க போச்சுன்னு அவங்களுக்கே தெரியல. ஒருத்தர் வீட்டை மாத்திட்டுப் போயிட்டார். இந்த ஒண்ணையாவது பேனாவால திருத்திடணும்."

பஸ்ஸில் போனோம். டாக்டர் வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள், வெல்வெட் மேல் படுத்திருந்தது 'குடம்'. எல்யாக்கீம் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார்.

"ஒரே ஒரு மடிப்பை மட்டும் வெட்டிக்கிறேன் டாக்டர். ஒரு வார்த்தை சேர்க்கணும்."

"வெட்டவா? உங்களுக்குப் பைத்தியமா? பக்கம் வெட்டாத ஒரே பிரதி ஐயா இது!"

"நான் எழுதின புத்தகம்..."

"எழுதினீங்க, சரி. என்னோட புத்தகத்தை நான் வெட்ட விடமாட்டேன்."

எல்யாக்கீம் நாற்காலியில் சரிந்தார். மெல்லிய குரலில், "இதை யாராவது படிச்சிருப்பாங்களா?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் படிச்சதில்ல!" டாக்டர் மார்பில் கை வைத்தார். "எழுதியே தர்றேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. இனியும் எவனையும் படிக்க விடமாட்டேன்."

எல்யாக்கீமின் முகம் தெளிந்தது. என் புத்தகத்தால் இங்கே ஒருவரும் பூச்சி தின்னவில்லை என்று தமக்குள் சொல்லிக்கொண்டே எழுந்து டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆசிரியர் ஒருவர் இதற்காக நன்றி சொன்னதை நான் அன்றுதான் பார்த்தேன்.

வாசலுக்கு வந்ததும், திருத்திய இரண்டாம் பதிப்பு போடப் போவதாகச் சொன்னார். டாக்டர் அவரைவிட வேகமாகப் படியிறங்கி, நேரே ஃப்ரூமெட்டிடம் போய் நின்றார். மறுபதிப்பு வந்தால் தம் பிரதியை எவன் மதிப்பான்?

ஃப்ரூமெட் அவரை நிற்கவைத்தே பேசினாள். "அச்சடிக்காம நான் பார்த்துக்கிறேன் டாக்டர். எங்க வீட்டுல ஆறு பேர். எல்லார் பல்லையும் ஆயுசுக்கும் நீங்க பார்த்துக்கணும். கல்யாணமாகி வர்ற மாப்பிள்ளைங்க பல்லும் சேர்த்து."

டாக்டர் ஒத்துக்கொண்டார்.

எல்யாக்கீம் ஒரு வாரம் மனைவியோடு பேசவில்லை. பிறகு கடைவாய்ப் பல் வலித்தது, சமாதானமானார். அதன் பின்னும் இருபத்திரண்டு வருடம் எழுதினார், அச்சுக்குக் கொடுக்காமல், பள்ளி நோட்டுகளில், அடித்தடித்துத் திருத்தி. எண்பத்தொன்றாம் வயதில் காலமானபோது முப்பத்திரண்டு பல்லும் வாயில் இருந்தன. துக்கம் விசாரிக்க வந்த சேகரிப்பாளர்கள் மூன்று பேர், ஃப்ரூமெட்டின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிக்கொண்டே அந்த நோட்டுகள் எங்கே இருக்கின்றன என்று கண்ணால் துழாவிக்கொண்டிருந்தார்கள்.